கால்சியம் சொன்ன தூரம்

சித்திரை மாத முன்னிரவில் கிழக்கு வானைப் பார்த்தால், இளம் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அது பக்கத்தில் இருப்பதால் அப்படித் தெரிகிறதா, உண்மையிலேயே பேரொளி கொண்டதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அருகிலுள்ள அகல்விளக்கும் தொலைவிலுள்ள கலங்கரை விளக்கமும் ஒரே அளவில் ஒளிர்வதாகத் தோன்றலாம்.

தூரத்தை அளக்கப் பழைய வழி ஒன்று உண்டு. பூமி சூரியனைச் சுற்றிவரும்போது, அருகிலுள்ள நட்சத்திரம் பின்னணியில் சற்றே இடம் மாறுவதாகத் தோன்றும். அந்தக் கோணத்தை அளந்தால் போதும். ஆனால் 37 ஒளியாண்டு தொலைவிலுள்ள சுவாதிக்கே அந்தக் கோணம் ஒரு பாகையில் ஏறக்குறைய நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான். இன்னும் தள்ளிப் போனால், 1950களின் கருவிகள் கைவிரித்துவிட்டன.

வேறொரு வழி கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் கிடைத்தது. கண்டவர்கள் இருவர்: அங்கே பணியாற்றிய ஒலின் வில்சன், சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அவர்களின் ஆய்வு 1957இல் வெளியானபோது பாப்புவுக்கு வயது 29.

நட்சத்திர ஒளியைக் கீற்றணியில் விழச்செய்து விரித்தால், வானவில் போன்ற பட்டையும் அதன் குறுக்கே கருங்கோடுகளும் கிடைக்கும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். சூரியனிலும் அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களிலும் ஊதா ஓரத்தில், 393.4 நானோமீட்டரில், அயனியாகிவிட்ட கால்சியத்தின் 'கே' கோடு அகலமாக, ஆழமாக இருக்கும். அந்தக் கருமையின் நட்டநடுவே உற்றுப் பார்த்தால் மெல்லிய ஒளி வரி ஒன்று எழும்பி நிற்கும். நட்சத்திரத்தின் மேற்பரப்புக்கு மேலே உள்ள நிறமண்டலம் என்ற சூடான அடுக்கிலிருந்து வருவது அது.

அந்த வரியின் அகலத்தைத்தான் இருவரும் அளந்தார்கள். நட்சத்திரத்தின் உண்மையான ஒளிர்வு கூடக்கூட அகலமும் கூடியது. அகலம் இரண்டு மடங்கானால் ஒளிர்வு சுமார் 60 மடங்கு! வரி பிரகாசமாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்பது பொருட்டே இல்லை. அகலம் மட்டும் போதும். உண்மை ஒளிர்வு தெரிந்துவிட்டால், அதை வானில் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். ஒரு கோட்டுக்குள் இருக்கும் இன்னொரு கோட்டை அளந்து அண்டவெளித் தூரத்தைச் சொல்வதென்பது இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது. 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கோஸ் விண்கலம் அளந்த தூரங்களோடு பிற்பாடு ஒப்பிட்டபோது எண்கள் சற்றுத் திருத்தப்பட்டனவே தவிர, அந்த உறவு பொய்க்கவில்லை.

பெரிய தொலைநோக்கி எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதைவிட, ஒளியைச் சேகரிப்பதே அதன் முதல் வேலை. நிறமாலையாக விரிக்கும்போது ஒளி மெலிந்துபோகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் சொற்பப் பங்கே வந்து சேர்கிறது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலையைத் தொடங்கிய பாப்பு, அங்கே 2.34 மீட்டர் ஆடியை நிறுவப் பாடுபட்டது அதனால்தான். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஒளியை வாங்கக்கூடியது அந்த ஆடி. 1986இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அகலத்துக்கும் ஒளிர்வுக்கும் ஏன் இந்த உறவு? அதற்கான தடயத்தைப் பாப்பு நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்தில் தேடினார். அவர் 1960இல் பொறுப்பேற்ற கொடைக்கானல் ஆய்வகத்தில், அதே 'கே' கோட்டு ஒளியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். சூரியனின் நிறமண்டலத்தில் சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு ஒளித்திட்டுகளே அந்த வரியின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன என்று அவரும் கே.ஆர். சிவராமனும் 1971இல் எழுதினார்கள். நட்சத்திரத்தின் மேற்பரப்பு ஈர்ப்புக்கும் இதில் முக்கியப் பங்கு உண்டு என்பது பிறகு வந்த ஆய்வுகளின் முடிவு.