பாட்டு நடுவில் நின்றால் ஸ்பீக்கரை மாற்றிவிடாதீங்க

நாஸ் என்னும் சேமிப்புப் பெட்டியில் கேட்டல் கருத்தறிதல் ஒலிப்பதிவுகளை வைத்து, வைஃபை ஸ்பீக்கரில் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறீர்களா? பாதி வாக்கியம் காணாமல் போனால் விடையும் போச்சு!

வேகம் பெரும்பாலும் காரணமில்லை. சிடி தரத்துக்கே நொடிக்கு 1.4 மெகாபிட்தான் தேவை. முதலில் நாஸைக் கேபிளால் ரௌட்டரோடு இணையுங்கள். அதுவும் வைஃபையில் இருந்தால் ஒரே ஒலி காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருக்கும்.

அப்புறமும் திக்குதா? ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்க. அடுக்குமாடி வீடுகளில் 2.4-இல் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் நெரிசல். மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். சுவர்கள் அதிகமென்றால் மட்டும் 5 தளர்ந்துவிடும்.

ஸ்பீக்கருக்கு நாஸே தெரியவில்லையா? ரௌட்டரை அணைத்துப் போட்டதில் நாஸின் ஐபி முகவரி மாறியிருக்கலாம். ரௌட்டர் அமைப்பில் அதற்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள்.

முதல் பதிவு மட்டும் சில நொடி தாமதமானால் பழுதில்லை. ஓய்விலிருந்த ஹார்ட்டிஸ்க் சுழல ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.