படைப்பணியும் மனச்சோர்வும்: ஊன ஓய்வூதியம் கோருவோரின் கவனத்திற்கு

ஆரணி, போளூர், செங்கம் பகுதிகளிலிருந்து எங்கள் மனநலப் பிரிவுக்கு வரும் முன்னாள் படைவீரர்கள், மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. உறக்கமின்மை, உடல்வலி, காரணமற்ற சினம், மிகுதியான குடி ஆகியவற்றையே குடும்பத்தார் முதலில் கூறுகின்றனர். பொறுமையாக வினவும்போதுதான், எதிலும் நாட்டமின்மையும் வாழ்வின்மீதான சலிப்பும் நெடுநாளாகவே இருந்து வருவது தெரிகிறது. சிலருக்கு அது படையில் இருந்தபோதே தொடங்கியிருக்கும். இத்தகையோர் கேட்பது, ஊன ஓய்வூதியம் கிடைக்குமா என்பதே.

கிடைக்கக்கூடும். நோய் பணியால் விளைந்தது அல்லது பணியால் முற்றியது என ஏற்கப்பட வேண்டும். பொதுவாக ஊனத்தின் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அவ்வாறு ஏற்கப்பட்டால், 20 முதல் 49 வரையிலான விழுக்காடு 50 எனக் கணக்கிடப்படும். பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றோருக்கும் இச்சலுகை உண்டு என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

சிக்கல் எழுவது முதல் நிபந்தனையில்தான். கால் முறிந்தால் முறிந்த நாளும் இடமும் ஏட்டில் இருக்கும். மனச்சோர்வுக்கு அப்படியொரு நாள் இல்லை. எனவே நோய் தோன்றிய காலத்தில் வீரர் எங்கே பணியாற்றினார் என்பதே முதன்மையான கேள்வியாகிறது. படை மருத்துவர்களுக்கான 2008-ஆம் ஆண்டு வழிகாட்டி, போர்ப்பகுதி, கிளர்ச்சி ஒடுக்கும் பகுதி, மிகு உயரப் பகுதி, தனித்த காவல்நிலை ஆகியவற்றில் பணியாற்றும்போது தோன்றும் மனநோயைப் பணியால் விளைந்ததாக ஏற்கிறது. பெற்றோரோ மனைவியோ குழந்தையோ இறந்தும், பணி நெருக்கடியால் விடுப்பு மறுக்கப்பட்டு, அதன்பின் மூன்று மாதங்களுக்குள் நோய் தோன்றினால், அது பணியால் முற்றியதாகக் கருதப்படலாம். தாயின் இறுதிச் சடங்குக்கு வர இயலாமற்போனதை ஒரு குடும்பம் துயரமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கும். கோரிக்கைக்கு அது சான்றுமாகும். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் படையிலிருந்து விலகியோருக்குப் புதிய விதிகள் பொருந்தும்.

சேரும்போது நோய் இல்லை, ஆகவே பணியே காரணம் என்று வாதிடுவோர் பலர். மனநோயைப் பொறுத்தவரை இது மட்டும் போதாது. சேர்க்கைப் பரிசோதனையில் இந்நோய்கள் புலப்படாமல் போகலாம் என 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறி, ஒரு மனச்சிதைவு நோயாளியின் கோரிக்கையை மறுத்தது. அதே நீதிமன்றம் 2013-இல், காரணம் கூறாத மருத்துவக் குழு அறிக்கையை அப்படியே ஏற்கலாகாது எனக் கூறி, வேறொருவருக்கு மறு மருத்துவக் குழு அமைக்க ஆணையிட்டதும் உண்டு. ஆகவே படை மருத்துவமனையின் பழைய சீட்டுகள், பணியிட விவரம், விலகும்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை ஆகியவற்றைத் தேடி எடுங்கள். நோய் தொடங்கிய ஆண்டை எங்களிடம் உள்ளபடியே கூறுங்கள். அதையே நாங்கள் குறிப்பேட்டில் எழுதுவோம். இன்றைய நோய்நிலைக்கும் சிகிச்சைக்கும் நாங்கள் சான்றளிக்கலாம். பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முடிவு செய்யும் அதிகாரம் எங்களுக்கில்லை.

எங்களை மிகவும் கவலைக்குள்ளாக்குவது மற்றொன்று. மருத்துவக் குழுவின் முன் நோய் கடுமையாகத் தெரிய வேண்டுமென்று, வேறு யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இது உயிருக்கே ஆபத்தாகலாம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரலாம். நோய் திரும்பினால் தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம். தொடர்ச்சியான சிகிச்சைக் குறிப்புகள் கோரிக்கையைக் கெடுப்பதில்லை; நோய் நீடித்ததற்கு அவையே எழுத்துவழிச் சான்று. முதியவர் மறதியால் விட்டுவிடுவதும் உண்டு என்பதால், மாத்திரைகளை வீட்டார் ஒருவர் தம் கையால் எடுத்துக் கொடுப்பது நலம்.

விண்ணப்பத்திற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். மறுக்கப்பட்டால் முதலில் துறைக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். இதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் 'சாவதே மேல்' என்பது போன்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால், விரக்தியில் பேசுகிறார் என்று விட்டுவிடாமல் அன்றே அழைத்து வாருங்கள். இரவானால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.