கபாலம் திறவாத தரிசனம்

வள்ளியூரை ஒட்டிச் செல்லும் நாற்கரச் சாலையில் விழுந்து தலையில் அடிபட்டவரை, வடக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ தெற்கே நாகர்கோவிலுக்கோ கொண்டு ஓடுகிற உறவினர்கள், "ஸ்கேன் எடுத்தாச்சா? உள்ளே ரத்தம் கட்டியிருக்கா?" என்று கேட்கையில், கபாலத்தைத் திறவாமலே மூளையைக் காணலாம் என்பதை வெகு சகஜமாக ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் ஸ்கேன் கருவி முதல் நோயாளியைப் பரிசோதிக்கும் வரையிலோ வைத்தியர்களுக்கே அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

ஆனால் அந்த ஸ்கேன் படம் நியாய சாஸ்திரிகள் பிரத்தியட்சம், அதாவது நேரே காண்பது, என்று சொல்லும் வகையைச் சேர்ந்ததன்று, முழுக்க அனுமானமே. பல கோணங்களில் தலையை ஊடுருவும் எக்ஸ் கதிர்கள் எவ்வளவு தேய்ந்து வெளிவருகின்றன என்ற எண்களைக் கொண்டு, உள்ளே எவ்விடத்தில் எத்தனை அடர்த்தி என்று கணித்து வரைகிறார்கள். அந்தக் கணிதத்தின் சுமையைக் குறைத்த ஒரு முறையை அதே 1971-இல் வெளியிட்டவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் ஆவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ராமச்சந்திரனைப் புரத ஆராய்ச்சியோடு மட்டுமே சேர்த்து நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது.

அமைப்பு இருக்கட்டும், ஏறக்குறைய 1.4 கிலோ எடையும் 8,600 கோடி நரம்பணுக்களும் உடைய மூளை சிந்திப்பதைக் காண இயலுமா? உழைக்கும் பகுதிக்கு ரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு மாறுகையில் எம்ஆர்ஐ கருவியின் காந்த சமிக்ஞையும் மாறுவதை 1990-இல் சேஜி ஒகாவா எடுத்துக்காட்டினார். இங்கும் நமக்குத் தட்டுப்படுவது எண்ணமன்று, சில விநாடிகள் பின்தங்கி வரும் ரத்தமே. ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதரிடம் முதன்முதல் பதிவுசெய்த மூளையின் மின்னலைகளோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் தவறவிடா. எவ்விடத்தில் எழுந்தவை என்று மட்டும் தெளிவாகச் சொல்லா. ஆதலால், 'பக்தி சுரக்கும் இடம் இதுவே' என்று வண்ணப் புள்ளியைக் காட்டும் பத்திரிகைச் செய்திகளை நான் சந்தேகத்தோடேதான் படிக்கிறேன்.

யந்திரத்தை நாடுமுன் நல்ல அனுமானம் செய்துகொள்வது எப்படி என்பதைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் கலிபோர்னியாவில் காட்டினார். கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, இல்லாத விரல்களை யாரோ தொடுவதாக அவர் சொன்னார். மூளைப் புறணியில் கையின் ஸ்பரிசத்தை ஏற்கும் பகுதிக்கு அண்டையில் இருப்பது முகத்துக்குரிய பகுதி. வேலையற்றுக் கிடந்த இடத்தை அண்டை வீட்டார் வளைத்துக்கொண்டனர் என்று ராமச்சந்திரன் ஊகித்தார். பின்னர் மூளையின் காந்தப் புலத்தை அளந்து பார்த்தபோது, முகத்தின் உணர்ச்சி கைக்குரிய பகுதியிலேயே பதிவாவது தெரியவந்தது.