தண்ணீரைக் காத்து வைத்தவருக்குக் கூலி என்ன?

ஒருவரின் களஞ்சியத்தில் இன்னொருவரின் சரக்கு ஆறு மாதம் கிடந்தால் அதற்குக் கூலி உண்டு என்பது வர்த்தகர்கள் அனைவரும் அறிந்த விடயம். அந்தச் சரக்கு ஆற்று நீராகவும், களஞ்சியம் அயல்நாட்டு அணையாகவும் இருந்தால் கூலியை யார் கொடுப்பது? மத்திய ஆசியாவின் சிர் தர்யா நதியோர நாடுகள் மூன்று தசாப்தங்களாக இக்கேள்விக்கு விடை தேடி வருகின்றன.

அரபுப் புவியியலாளர்கள் ஸைஹூன் என அழைத்த இந்நதியின் பிரதான ஊற்று, கிர்கிஸ்தான் மலைகளில் தோன்றும் நரின் ஆறாகும். உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கஸகஸ்தான் ஊடாக அது ஆரல் கடலை நோக்கிச் செல்கின்றது. சோவியத் காலத்தில் நரின் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டதே டொக்டோகுல் நீர்த்தேக்கம். அது சுமார் 1,950 கோடி கன மீற்றர் நீரைக் கொள்ளும். 1,200 மெகாவோட் திறனுடன் அமைக்கப்பட்ட மின்நிலையமும் அங்குண்டு.

அன்று கணக்கு இலகுவாக இருந்தது. கோடையில் கீழ்நாடுகளின் பருத்திக்கும் நெல்லுக்கும் நீர் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் கிர்கிஸ்தானுக்கு நிலக்கரியும் எரிவாயுவும் வந்தன. எல்லாவற்றுக்கும் மொஸ்கோவே முதலாளி என்பதால் எவரும் எவருக்கும் பில் எழுதவில்லை.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கீழ்நாடுகள் எரிபொருளுக்குச் சந்தை விலை கேட்டன. தண்ணீருக்கு விலை கொடுக்க மட்டும் மறுத்தன. எரிபொருள் வாங்கப் பணமில்லாத கிர்கிஸ்தான், குளிர்காலத்திலேயே நீரைத் திறந்து மின்சாரம் பெற்றது. இதனால் கீழே குளிர்காலத்தில் வெள்ளம். பயிருக்கு நீர் வேண்டிய கோடையில் தட்டுப்பாடு.

1998 மார்ச்சில் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஸகஸ்தான் ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்தன. கோடையில் நீரையும் மேலதிக மின்சாரத்தையும் கிர்கிஸ்தான் தரும். மற்ற இரண்டும் பதிலுக்கு எரிபொருள் தரும். நல்ல பண்டமாற்றுதான். ஆனால் அளவை வருடந்தோறும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. மழை கூடிய வருடங்களில் கீழ்நாடுகளுக்கு அணை நீர் அதிகம் தேவைப்படவில்லை, எரிபொருளும் குறைந்தது. மேல்நாட்டின் குளிரோ குறையவில்லை. தேக்கி வைப்பதற்கான செலவும் குறையவில்லை.

2001இல் நீருக்குக் கட்டணம் கோரி கிர்கிஸ்தான் சட்டம் இயற்றியது. அயல்நாடுகள் ஏற்கவில்லை. 2008இல் நீர்மட்டம் வீழ்ந்து அங்கு மின்வெட்டு நீண்டது. 2009இல் உஸ்பெகிஸ்தான் பொது மின்வலையமைப்பிலிருந்து விலகியது. குளிர்கால வெள்ளத்தைத் தேக்க கஸகஸ்தான் தன் செலவில் கொக்சராய் என்ற தனி நீர்த்தேக்கம் கட்டியது. கூட்டு முறிந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே செலவழிக்க வேண்டி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நரின் ஆற்றில் டொக்டோகுலுக்கு மேலே கம்பராத்தா-1 என்ற பேரணையைக் கட்ட கிர்கிஸ்தான் நீண்டகாலமாக முயன்றது. இத்தகைய திட்டங்கள் போருக்கே இட்டுச் செல்லலாம் என 2012இல் அன்றைய உஸ்பெகிஸ்தான் ஜனாதிபதி இஸ்லாம் கரிமோவ் எச்சரித்தார். ஆனால் 2023 ஜனவரியில் அதே உஸ்பெகிஸ்தானும் கஸகஸ்தானும் அந்த அணையைச் சேர்ந்து கட்ட கிர்கிஸ்தானுடன் கைச்சாத்திட்டன. பங்கு கிர்கிஸ்தானுக்கு 34 வீதம், மற்ற இரண்டுக்கும் தலா 33 வீதம் என்பது திட்டம்.

அணை எழுந்து முடிய வருடங்கள் செல்லும், செலவும் பெரிது. எனினும் முதல் போட்ட பங்காளிக்குச் சரக்கைக் காப்பதிலும் அக்கறை வரும். காத்து வைப்பவரின் கூலியைக் கணக்கில் சேர்க்காத பங்கு வியாபாரம் நீடிப்பதில்லை. கடைத்தெருவில் நாம் அறிந்த இந்த உண்மையைத்தான் சிர் தர்யாவின் நாடுகள் முப்பது வருட நட்டத்தின் பின் கற்றிருக்கின்றன.