கெம்பஸ் கிடைக்காவிட்டால் கடையா? உயர்தரத்துக்குப் பிறகு பிள்ளைக்கு எந்தப் பாதை?

உயர்தரப் பெறுபேறு வெளியான வாரத்தில் மாவனல்லையிலிருந்து இறக்குவானை வரை எமது கடைவீதிகளில் ஒரே கேள்விதான். "மகனுக்குக் கெம்பஸ் கிடைக்குமா நானா?" கிடைக்கும் என்றால் முபாரக். கிடைக்காது என்றால் பிள்ளை அடுத்த நாளே கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறது, அல்லது கட்டாருக்குப் போக பாஸ்போர்ட் எடுக்க ஆயத்தமாகிறது. இவை இரண்டுக்கும் நடுவே உள்ள பாதையை எமது வர்த்தகச் சகோதரர்களில் அநேகர் கண்டுகொள்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அண்மைய வருடங்களில் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. ஆகவே வெளியே நிற்கும் பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல. பாஸ் பண்ணிய பிள்ளைதான், இடம்தான் போதவில்லை.

இந்த இடங்கள் பங்கிடப்படும் முறையை எமது மாகாணத்தார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சில பாடநெறிகள் தவிர, 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. அந்தப் பதினாறில் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. எஹலியகொடையில் படிக்கும் பிள்ளைக்கு உள்ள சலுகை, மலைக்கு அப்பால் தெரணியகலையில் படிக்கும் பிள்ளைக்கு இல்லை. தெரணியகலைத் தோட்டப் பாடசாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி நியாயம் என்று விளங்காது. ஆனால் விதி அதுதான்.

எந்த மாவட்டம் என்பது பெரும்பாலும் பிள்ளை கடைசி மூன்று வருடங்கள் படித்த பாடசாலையை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. நாம் என்ன செய்கிறோம்? கையில் நாலு காசு வந்ததும் நல்ல பாடசாலை என்று அவிசாவளைக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறோம். அங்கு போன பிள்ளை கொழும்பு மாவட்டத்தின் உயர்ந்த வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டும். நல்ல ஆசிரியர் கிடைப்பது உண்மை, அதற்காக விடும் சலுகையும் உண்மை. தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு ஊரில் இல்லாவிட்டால் வேறு வழி இல்லை. வர்த்தகப் பிரிவுக்கோ கலைப் பிரிவுக்கோ அனுப்புபவர்கள் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

புள்ளி நன்றாக வந்து அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். கல்விக் கட்டணம் இல்லை, மஹாபொல உதவியும் இருக்கிறது. அந்தப் புலமைப்பரிசிலை எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி என்பது வர்த்தகர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டிய விடயம். "கடையைப் பார்க்க ஆளில்லை" என்று கிடைத்த இடத்தை விடுவிக்கும் வாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். ஆளைச் சம்பளத்துக்கு எடுக்கலாம், விட்ட இடத்தை எடுக்க முடியாது.

சிக்கல், புள்ளி ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குத்தான். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பரீட்சை எழுதி, பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் காத்திருந்து வருடங்கள் கழிகின்றன. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியில்தான் ஆரம்பமானது. துறைமுகத்தில் கன்டெய்னர் ஒரு கிழமை தேங்கினால் டெமரேஜ் கணக்குப் பார்க்கும் நாம், பிள்ளையின் மூன்று வருடம் தேங்குவதைக் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டாம் தரம் எழுதுவது தப்பில்லை. மூன்றாம் தரத்துக்கு முன் மாற்று வழியைப் பார்த்துவிட வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

மாற்று வழி தூரத்தில் இல்லை. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான ஸ்லையட் எனும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் கிளைகள் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உள்ளன. இங்கு உயர் தேசிய டிப்ளோமா, அதாவது எச்.என்.டி. படிக்கலாம். பாடநெறியைப் பொறுத்து இரண்டரை வருடம் முதல் நான்கு வருடம் வரை செல்லும். பகல்நேர வகுப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. கணக்கீடு, தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகள் இருக்கின்றன. எந்தக் கிளையில் எது என்பதை விண்ணப்பிக்குமுன் விசாரியுங்கள். பெண் பிள்ளையைத் தூர ஹொஸ்டலில் விடத் தயங்கும் பெற்றாருக்கும் இது வசதி. கட்டணம் செலுத்தும் பகுதிநேர வகுப்புகளும் உண்டு. கிழமை நாளில் கடை, வார இறுதியில் வகுப்பு என்று ஒழுங்கு செய்துகொள்ளலாம். கடையை ஏற்கப் போகும் மகனுக்குக் கணக்கீட்டு டிப்ளோமா வீண்போகாது. வாட் வரி, வங்கிக் கடன் என்று வரும்போது அது தெரியும்.

குறையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கொமியுனிட்டி கொலேஜ் என்று ஊரோடு ஒட்டிய கல்லூரிகள் உள்ளன. அங்கு இரண்டு வருடம் குறைந்த செலவில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம். அங்கேயும் முன்பு படித்த சில பாடங்கள் ஏற்கப்படாமல் போவதுண்டு. எமது நாட்டில் அந்தப் பாலம் இன்னும் ஒடுக்கமானது. கணக்கீட்டு எச்.என்.டி.யைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கக் கோரி 2015 ஒக்டோபரில் கொழும்பில் ஊர்வலம் போன மாணவர்கள் பொலிஸாரிடம் அடி வாங்கியதை நாடே பார்த்தது. ஆகவே அரச உத்தியோகம்தான் இலக்கு என்றால், அந்தப் பதவிக்கான வர்த்தமானியில் எந்தத் தகைமை கேட்கிறார்கள் என்று முதலே பாருங்கள். சொந்த வியாபாரத்துக்கும் தனியார் கம்பனிக்கும் இந்தச் சண்டை அவ்வளவு முக்கியமில்லை.

சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகளும், தோட்டத்திலிருந்து வந்து எமது கடைகளிலும் கராஜ்களிலும் வேலை செய்யும் பிள்ளைகளும் மறக்கப்படக் கூடாது. என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மேலே ஏற விரும்புவோருக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த யுனிவோடெக் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. பல வருடம் கையால் தொழில் பழகியவர் வகுப்புக்குப் போகாமலே, அனுபவத்தைச் சோதிக்கச் செய்து சான்றிதழ் பெறவும் வழி உண்டு. உங்கள் கராஜில் எட்டு வருடம் வேலை செய்த பையனுக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்களா? சொன்னால் ஆள் போய்விடுவான் என்று பயப்படும் முதலாளிமாரும் உண்டு.

தனியார் பட்டம் என்றால் இலட்சக்கணக்கில் பணம். கட்டுவதற்கு முன் ஒரு விடயம் பாருங்கள். உள்ளூர் நிறுவனம் என்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? "விரைவில் கிடைக்கும்" என்று சொன்னால் பணத்தையும் விரைவில் தருவதாகச் சொல்லுங்கள். வண்ணப் பிரசுரத்தையும் ஹோட்டல் பட்டமளிப்பையும் பார்த்து ஏமாந்தவர்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள்.

கடைசியாக, விண்ணப்பம். ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் என்ன வரிசையில் போடுகிறீர்களோ அந்த வரிசையில்தான் இடம் பார்ப்பார்கள். இதைக் கொமியுனிகேஷன் கடையில் இருக்கும் பையனிடம் கொடுத்து "நீயே போட்டுவிடு" என்று சொல்லாதீர்கள். பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் எமது மாகாணத்தில் இருப்பதால் எமது பிள்ளைக்குத் தானாகக் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். அங்கும் நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அது வேண்டுமென்றால் அதன் இலக்கத்தை மேலே போட வேண்டும்.