இறங்கிக்கொண்டே இருக்கும் தீவு

ஜப்பானின் ஒசாகா வளைகுடாவில் கடலைத் தூர்த்து எழுப்பிய கன்சாய் விமான நிலையம் 1994-இல் திறக்கப்பட்டது. அந்த நேரத்தில் அதன் முதல் தீவு ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது சுமார் 6 சென்டிமீட்டர். வேலை தொடங்கிய 1987-லிருந்து கணக்கிட்டால் சராசரியாக 13 மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருக்கிறது.

காரணம், அடியில் கிடக்கும் களிமண். அதன் நுண்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்திருக்கிறது. மேலே பாரம் ஏற்றியதும் அதை முதலில் தாங்குவது மண் இல்லை, அந்த நீர்தான். வெளியேற வழி கிடைக்காமல் அதன் அழுத்தம் எகிறுகிறது. பிறகு துளித்துளியாகக் கசிகிறது. கசியக் கசியப் பாரம் துகள்கள் மேல் மாறுகிறது, துகள்கள் நெருங்குகின்றன, தரை இறங்குகிறது. இதைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது சோதனைகள் செய்து, 1925-இல் மண் இயக்கவியல் நூலை வெளியிட்டார்.

நீர் கடக்க வேண்டிய தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். ஆய்வகத்தில் மேலும் கீழும் நீர் வடியும்படி வைத்த இரண்டு சென்டிமீட்டர் களிமண் வில்லை இறுக ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மண் 20 மீட்டர் தடிமனில் இறுகப் பத்து லட்சம் மணி நேரம் வேண்டும். நூறாண்டுக்கும் மேல்!

கன்சாயில் கடலடிக் களிமண்ணின் மேல் அடுக்கின் தடிமனும் ஏறத்தாழ அதுதான். அத்தனை காலம் யார் காத்திருப்பது? அதனால் முதல் தீவின் அடியில் சுமார் பத்து லட்சம் மணல் தூண்களை இறக்கினார்கள். நீர் பல மீட்டர் மேலேறாமல், பக்கத்தில் ஓரிரு மீட்டர் நகர்ந்தாலே மணலை அடைந்துவிடும். மேல் அடுக்கு திறப்பு விழாவுக்கு முன்பே இறுகிவிட்டது.

ஆனால் அதற்குக் கீழே, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை பழைய களிமண் அடுக்குகள் இருக்கின்றன. மணல் தூண்கள் அங்கே எட்டவில்லை. இன்றைய இறக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லா இடமும் ஒரே சீராக இறங்கினால் கட்டடம் தாங்கும். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால்தான் சுவர் வெடிக்கும். இது முன்பே தெரிந்ததால், முனையத்தின் சுமார் 900 தூண்களின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்புத் தகடுகளைச் செருகிச் சமன்செய்யும் வசதியோடே கட்டினார்கள். உண்மையான ஆபத்து, தீவு இறங்க இறங்கக் கடல் மட்டத்தை நெருங்குவதுதான். 2018 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜெபி சூறாவளியில் அலைகள் சுவர் தாண்டி ஓடுபாதையை மூழ்கடித்தன. அதற்குப் பிறகு தடுப்புச் சுவர்களையும் ஓடுபாதையையும் உயர்த்தியிருக்கிறார்கள்.