மங்கிய படத்துக்கு முகம் கொடுப்பது யார்? ஸ்ரூடியோக்களின் புதிய தொழிலும் எங்கள் பழைய படங்களும்

வடக்கு, கிழக்கில் ஒரு போட்டோ ஸ்ரூடியோ இன்று படம் பிடிப்பதை மட்டும் நம்பித் தொழில் நடத்த முடியாது. கலியாணமும் சாமத்தியவீடும் இருக்கின்றனதான். ஆனால், கிழிந்த, நனைந்த, மங்கிய பழைய படங்களைத் திருத்திப் பெருப்பித்துக் கொடுப்பதும் பல ஸ்ரூடியோக்களுக்கு ஒரு முக்கியமான வேலையாகிவிட்டது. சுவரில் மாட்டும் பிரேம், 31ஆம் நாள் கல்வெட்டு, ஆண்டுத் திவச அறிவித்தல், நினைவுப் பதாகை எல்லாவற்றுக்கும் ஒரு முகம் தேவைப்படுகிறது.

இந்த வேலை அண்மைய சில ஆண்டுகளில் மனிதரின் கையிலிருந்து செயற்கை நுண்ணறிவு மென்பொருட்களுக்கு மாறி வருகிறது. முன்பு அரை நாள் இருந்து செய்த திருத்தம் இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. வேறொரு சமூகத்தில் இது வேகத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் இருந்திருக்கும். எங்களிடம் அப்படியல்ல. திருத்தக் கொண்டுவரப்படும் படங்களில் பல, போரில் இறந்தவர்களுடையவை. இன்னும் பல, என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களுடையவை. அப்படிப்பட்ட ஒருவருக்கு வீட்டில் எஞ்சியிருப்பது சில வேளைகளில் ஒரேயொரு படம்தான். அந்தப் படத்துக்குள் இயந்திரம் என்ன செய்கிறது என்பதை ஸ்ரூடியோக்காரரும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும்.

நெகற்றிவ் போன கதை

பிலிம் காலத்தில் ஒரு றோலில் 36 படங்கள். கழுவியெடுத்த நெகற்றிவ் ஸ்ரூடியோ அலுமாரியில் இருக்கும். வீட்டில் இருந்த கொப்பி தொலைந்தால் திரும்பப் போய் இன்னொன்று அடிக்கலாம். ஸ்ரூடியோக்காரர் ஊருக்குத் தெரியாமலே ஊரின் ஆவணக் காப்பாளராகவும் இருந்தார்.

போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் இடம்பெயர்ந்தபோது கையில் எடுக்கக்கூடியதைத்தான் மக்கள் எடுத்தார்கள். 2008, 2009இல் வன்னி மக்கள் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தபோது ஸ்ரூடியோ அலுமாரிகளைக் காவிக்கொண்டு போக எவராலும் முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு சேர்த்து சொப்பிங் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த படங்களே தப்பின. மழையும் உப்புத் தண்ணீரும் பட்டு அவையும் பழுதாயின. எங்கள் ஊர்களில் படம் திருத்தும் தொழிலுக்கு இவ்வளவு தேவை இருப்பதன் காரணம் இதுதான்.

தொழில் மாறிய வேகம்

போர் முடிந்து பாதைகள் திறந்தபோது, வெளியுலகில் பிலிம் ஏற்கெனவே ஒதுங்கிக்கொண்டிருந்தது. 1975இல் டிஜிற்றல் கமராவின் முதல் மாதிரியைத் தன் சொந்த ஆய்வுகூடத்திலேயே செய்து பார்த்த கொடாக் நிறுவனம், பிலிமை விட மனமில்லாமல் இருந்து, 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. எங்கள் சிறிய ஸ்ரூடியோக்களுக்கு அப்படித் தயங்கி நிற்க நேரம் இருக்கவில்லை. இருட்டறை மூடப்பட்டது. அந்த இடத்தில் கணினியும் பிரிண்டரும் வந்தன. கொஞ்சக் காலத்தில் எல்லோர் கையிலும் கமரா உள்ள போன் வந்து, பிறந்தநாள் படத்துக்கு ஸ்ரூடியோ போகும் பழக்கம் குறைந்தது.

கடவுச்சீட்டுப் படத்தை அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் எடுத்து, அங்கிருந்தே இலத்திரனியல் முறையில் திணைக்களத்துக்கு அனுப்பும் நடைமுறை 2015இல் வந்தது. அதற்குரிய கருவிகளை வாங்கியவர்களுக்கு ஒரு நிரந்தர வருமானம் கிடைத்தது. கொரோனாக் காலத்தில், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்காகச் செத்தவீட்டை நேரலையாக அனுப்புவதும் ஒரு தொழிலாயிற்று.

பிறகு 2022. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. இறக்குமதியாகும் கமரா, கடதாசி, மை எல்லாவற்றின் விலையும் ஏறியது. இந்த நிலையில், இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும் ஒரு மென்பொருள் அரை நாள் வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துத் தந்தால், அதைப் பாவிக்கும் ஸ்ரூடியோக்காரரைக் குறைசொல்ல முடியாது. ஆனால், அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது பழைய வேலையின் வேகமான வடிவம் அல்ல.

இயந்திரம் எப்படித் திருத்துகிறது?

முன்னைய நாட்களில் திருத்துநர் மெல்லிய தூரிகையால் படத்திலுள்ள கீறலை மறைப்பார். கணினி வந்தபின், கீறலுக்குப் பக்கத்திலிருக்கும் தோலின் நிறத்தையோ சட்டையின் நிறத்தையோ பிரதியெடுத்து அதன்மேல் ஒட்டினார்கள். இரண்டிலும் ஒரு எல்லை இருந்தது. படத்தில் தெரியாத கண்ணைத் திருத்துநரால் கொண்டுவர முடியாது. வாடிக்கையாளரிடம் "இதுக்கு மேல தெளிவாக்க ஏலாது" என்று சொல்லிவிடுவார்.

செயற்கை நுண்ணறிவு அப்படிச் சொல்வதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். அடையாள அட்டையின் மங்கிய போட்டோப் பிரதியிலிருந்து எடுத்த படம் அகலத்தில் 200, உயரத்தில் 240 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48,000 புள்ளிகள். இதை 10க்கு 12 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் தெளிவாக அடிப்பதற்கு ஒரு கோடியே எட்டு இலட்சம் புள்ளிகள் தேவை. அதாவது, பிரேமில் மாட்டும் படத்தில் ஒவ்வொரு 225 புள்ளிகளுக்கும் ஒன்றுதான் பழைய படத்திலிருந்து வந்தது. மிச்சம் 224ஐயும் இயந்திரம் நிரப்பியிருக்கிறது.

அது எதைக் கொண்டு நிரப்புகிறது? தான் ஏற்கெனவே பார்த்துப் பழகிய முகங்களைக் கொண்டு. முகம் திருத்தும் பல மென்பொருட்கள், ஃபிளிக்கர் என்ற இணையத்தளத்திலிருந்து திரட்டப்பட்ட 70,000 முகப்படங்களின் தொகுப்பு ஒன்றில் பயிற்றுவிக்கப்பட்டவை. "இப்படி மங்கலாகத் தெரியும் இடத்தில் வழக்கமாக எப்படிப்பட்ட கண் இருக்கும்?" என்று இயந்திரம் கணித்து, அந்தக் கண்ணை வரைகிறது. வரைந்தது மிகத் தெளிவாக இருக்கும். அது அந்த மனிதரின் கண்தானா என்பதை அறிய இயந்திரத்திடம் வழியே இல்லை.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய மென்பொருள் ஒன்றை வெளியிட்டார்கள். பராக் ஒபாமாவின் படத்தை மங்கலாக்கி அதற்குள் கொடுத்தபோது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தைத் திருப்பித் தந்தது. உலகமே அறிந்த முகம் என்பதால் பிழை உடனே தெரிந்தது. முல்லைத்தீவிலிருந்து காணாமற்போன ஒரு இளைஞனின் முகத்தில் அதே பிழை நடந்தால் யாருக்குத் தெரியும்? வீட்டாருக்கு மட்டும்தான். அவர்களும் முகத்தைக் கண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

தழும்பும் மச்சமும்

இயந்திரத்துக்குக் கன்னத்து மச்சமும் கடதாசியில் விழுந்த புள்ளியும் ஒன்றுபோலத் தெரியலாம். நெற்றித் தழும்பைக் கீறல் என்று எடுத்து அழித்துவிடலாம். சிரிப்பில் தெரியும் பல் இடைவெளியை நிரப்பிவிடலாம். ஆளை அடையாளம் காட்டுபவை இவைதான். எலும்புக்கூடுகளை அடையாளம் காணும்போது, சிரித்தபடி எடுத்த பழைய படத்தில் தெரியும் பல்வரிசைகூடத் தடயவியல் நிபுணர்களுக்கு உதவுவதுண்டு.

உடுப்பும் அப்படித்தான். பழைய படத்திலுள்ள சட்டையை எடுத்துவிட்டுக் கோட்டும் டையும் போட்டுவிடுவது நினைவுப் படங்களில் சாதாரணமாக நடக்கிறது. பின்னணியை நீக்கி நீல வானம் வைக்கிறார்கள். செம்மணி சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியில் மீட்கப்பட்ட பொருட்கள், 2025 ஓகஸ்டில் மக்கள் பார்த்து அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு சட்டைத் துணி, ஒரு செருப்பு, ஒரு புத்தகப்பை எவ்வளவு பெறுமதியான சாட்சியம் என்பது அன்று தெரிந்தது. பழைய படத்தில் உள்ள உடுப்பைத் தேவையற்றது என்று இன்று எங்களால் தீர்மானிக்க முடியாது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய உறவினர்களின் தொடர் போராட்டத்தில், தாய்மார் கையில் பிடித்திருக்கும் படங்கள் வெயிலில் வெளிறிப்போகின்றன. அவற்றைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். ஆனால், ஒவ்வொரு முறையும் முன்பு திருத்திய படத்தையே எடுத்து மீண்டும் இயந்திரத்துக்குள் கொடுத்தால், முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவருடையதாகிவிடும். படத்தில் உள்ளவர் இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய ஒரு நாள் வரும்போது, அந்தச் சந்தேகத்தை எதிர்த்தரப்பு பயன்படுத்தும்.

இரண்டு வேலை, இரண்டு படம்

இதற்காக இந்த மென்பொருளை யாரும் தொடக்கூடாது என்பதல்ல. இறந்த தகப்பனின் படம் வீட்டுச் சுவரில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினால் அது அவர்களின் உரிமை. நினைவுக்கு ஒரு படம், சாட்சியத்துக்கு ஒரு படம் என்று இரண்டையும் பிரித்து வைப்பதே தேவை.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை:

- எந்தத் திருத்தத்துக்கும் முன்னர் மூலப்படத்தை, உள்ளபடியே, அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்ரூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.
- கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். லமினேற் செய்த படத்தைப் பிரிக்கவும் வேண்டாம். அப்படியே ஸ்கேன் செய்யலாம்.
- வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள்.
- மூலக்கோப்பை ஒரே போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். பென் ட்ரைவில் ஒன்று, வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கும் உறவினரிடம் ஒன்று இருக்கட்டும்.
- படத்தில் இருப்பவர் யார், எங்கே, எந்த ஆண்டு எடுத்தது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.
- காணாமற்போனோர் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ கொடுப்பது திருத்தாத பிரதியாக இருக்கட்டும். தெளிவாக்கிய படத்தையும் கொடுப்பதானால், அது திருத்தியது என்று எழுதிக் கொடுங்கள்.

ஸ்ரூடியோக்காரருக்கு இது மேலதிக வேலைதான். ஆனால், தொழிலும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் நாளை எல்லோருடைய போனிலும் இருக்கும். பிறந்தநாள் படம் ஸ்ரூடியோவை விட்டுப் போனதுபோல, அந்த வேலையும் போகும். மூலப்படத்தைப் பழுதாகாமல் ஸ்கேன் செய்வது, எந்த இடத்தில் கையால் திருத்தலாம், எந்த இடத்தில் இயந்திரம் ஊகிக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்வது, தாயையோ மனைவியையோ பக்கத்தில் இருத்தி "மச்சம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் செய்வது, மூலக்கோப்பையும் திருத்தியதையும் வெவ்வேறாகப் பெயரிட்டுக் கையில் கொடுப்பது ஆகியவற்றை எந்தச் செயலியும் தானாகச் செய்யாது. இவற்றுக்குத் தனியாகக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை.

மாவட்டந்தோறும் படப்பிடிப்பாளர்கள் ஒன்றுகூடும்போது புதிய கமராக்களையும் ட்ரோன்களையும் பற்றிப் பேசுவதோடு, இதற்கும் ஒரு பொது நடைமுறையை வகுக்கலாம். 'செயற்கை நுண்ணறிவால் திருத்தியது' என்ற ஒரு வரியைப் படத்தின் பின்பக்கத்தில் அடிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பல்கலைக்கழகங்களின் ஊடகத்துறை மாணவர்கள் விடுமுறையில் ஊர் ஊராகப் போய் மூலப்படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கலாம். அதற்கு ஒரு மடிக்கணினியும் ஒரு ஸ்கேனரும் போதும். சொப்பிங் பைக்குள் தப்பி வந்த படங்கள் இன்னும் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. அவை மேலும் மங்குவதற்கு முன்னர் இந்த வேலை தொடங்க வேண்டும்.